மறுகரை இல்லாத பாலம்

 

பாலம் என்றால் இரண்டு கரை வேண்டும். இக்கரையில் ஏறி அக்கரையில் இறங்க வேண்டும். ஆனால் ஒரு காலத்தில், ஒரு நாட்டில், மறுகரையே இல்லாத பாலங்களைக் கட்டினார்கள். கரையில் தொடங்கும், கடலுக்குள் நீளும், நடுக்கடலில் நின்றுவிடும். அதன் மேல் நடப்பதற்குக் காசு வாங்கினார்கள். மக்கள் காசு கொடுத்து, கடைசி வரை நடந்து, காற்று வாங்கிவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள். அந்த நாடு இங்கிலாந்து. அந்தக் கடல் பாலங்களில் மிக அழகானது என்று பலரும் சொன்ன பிரைட்டன் மேற்குப் பாலம் எப்படி எழுந்தது, எப்படி அழிந்தது என்பதுதான் இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள்.

எப்படி அழிந்தது என்ற கேள்விக்குப் புயல் என்பார்கள். தீ என்பார்கள். இரண்டும் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் புயலும் தீயும் வருவதற்கு முன்பே அந்தப் பாலத்தின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஊர். லண்டனுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது பிரைட்டன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு மீனவர் ஊர். பக்கத்து லூயிஸ் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், 1750-களில் கடல்நீரே மருந்து என்று எழுதினார். குளிக்கவும் சொன்னார், குடிக்கவும் சொன்னார். பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1783-இல் இளவரசர் ஜார்ஜ் வந்தார். அவருக்குப் பிடித்துப்போனது. பின்னாளில் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, வெளியே இந்தியக் குவிமாடங்களும் உள்ளே சீன அலங்காரமுமாக ஓர் அரண்மனையை அங்கே எழுப்பினார். ராயல் பெவிலியன் என்று அதற்குப் பெயர்.

இளவரசர் வந்த ஊருக்கு எல்லாரும் எப்போது வந்தார்கள்? 1841-இல் ரயில் வந்தபோது. லண்டன் எழுத்தரும் கடைச் சிப்பந்தியும் தையல்காரரும் காலையில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்ப முடிந்தது. கடலைப் பார்த்தால் மட்டும் போதுமா? அதன் மேல் நடக்க வேண்டாமா? அந்த ஆசைக்கு அந்த ஊரிலேயே ஒரு முன்னோடி இருந்தது. சாமுவேல் பிரவுன் என்ற கடற்படை கேப்டன் 1823-இல் சங்கிலிகளில் தொங்கவிட்டுக் கட்டிய செயின் பியர், அதாவது சங்கிலிப் பாலம், அது. பிரான்சுக்குப் போகும் கப்பலில் ஏறி இறங்கத்தான் அதைக் கட்டினார்கள். ஆனால் கப்பல் ஏறப் போனவர்களோடு சும்மா நடக்கப் போனவர்களும் கூடினார்கள். நடப்பதற்குக்கூட மக்கள் காசு தருவார்கள் என்பதை முதலாளிகள் அங்கேதான் கண்டுகொண்டார்கள்.

ஆனால் அலை அடிக்கும் மணலில் தூண் எப்படி நிற்கும்? மரத் தூணைப் புழு அரிக்கும். இடிகட்டையால் அடித்து இறக்கினால் தூண் பிளக்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவர் பெயர் அலெக்ஸாண்டர் மிட்செல். அயர்லாந்துக்காரர். இருபதுகளின் தொடக்கத்திலேயே முழுவதுமாகப் பார்வையை இழந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் செங்கல் தொழில் செய்துகொண்டே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இரும்புத் தூணின் அடியில் அகன்ற திருகுத் தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும். தூணைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் நீண்ட கம்புகளைக் குறுக்கே மாட்டி, ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்து தள்ள வேண்டும். மரத்தில் திருகாணி இறங்குவது போலத் தூண் மணலுக்குள் இறங்கும். அடிக்க வேண்டாம், தோண்ட வேண்டாம். கீழே அகன்ற தகடு இருப்பதால் பாரம் பரவும். அலை இழுத்தாலும் தூண் எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது. 1833-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் ஆற்று முகத்தில் மேப்ளின் மணல்திட்டில் இந்தத் தூண்களின் மேல் கலங்கரை விளக்கம் எழுந்தது. படகில் ஏறிப் பணியிடத்துக்குப் போய், மூட்டுகளைக் கையால் தடவிப் பார்த்தே குறை சொல்வார் அந்தப் பார்வையற்ற பொறியாளர். இங்கிலாந்தின் உல்லாசக் கடல் பாலங்கள் பலவும் அந்த மனிதரின் கண்டுபிடிப்பின் மேல் நின்றவை.

நம்முடைய சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்கள் மசூலா படகுகளில் அலையைத் தாண்டி நனைந்துதான் கரையேறினார்கள். 1860-களின் தொடக்கத்தில் ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள இரும்புப் பாலம் ஒன்று, இதே திருகுத் தூண்களின் மேல், சென்னைக் கடலுக்குள் நீண்டது. 1872 புயல் அதை நடுவில் உடைத்தது. அது ஆட்களும் சரக்கும் ஏறி இறங்கக் கட்டிய பாலம். உலாவுவதற்கென்றே கட்டியவை பிரிட்டனில்தான் கடற்கரைதோறும் எழுந்தன. நூற்றாண்டின் முடிவுக்குள் அவற்றின் எண்ணிக்கை நூறை நெருங்கியது.

அவற்றில் 14 பாலங்களை ஒரே மனிதர் வரைந்தார். யூஜீனியஸ் பர்ச். 1818-இல் பிறந்தவர். கல்கத்தா–டெல்லி ரயில் பாதைப் பணியிலும் பங்கேற்ற பொறியாளர். 1850-களில் மார்கேட் நகரில் திருகுத் தூண்களின் மேல் உல்லாசத்துக்கான பாலத்தை முதலில் அமைத்தவர் அவர். பிளாக்பூல், அபெரிஸ்ட்வித், ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ், போர்ன்மவுத் என்று வரிசையாகக் கட்டினார். அவற்றில் மணியானது பிரைட்டன் மேற்குப் பாலம்.

1863-இல் வேலை தொடங்கியபோதே எதிர்ப்பு. கரையில் ரீஜென்சி ஸ்கொயர் என்ற செல்வர் குடியிருப்பு. சுங்கச் சாவடிகள் எழுந்தால் எங்கள் வீட்டுச் சன்னல் காட்சி மறையுமே என்று அவர்கள் முறையிட்டார்கள். ஆனாலும் 1866 அக்டோபர் 6-ஆம் நாள் பாலம் திறந்தது. 1,115 அடி நீளம். கடலுக்கு மேலே அகலமான பலகைத் தளம். கடல் முனையான தலைப்பகுதியில் காற்றும் வெயிலும் படாமல் கண்ணாடித் தடுப்புகள். இரு ஓரத்திலும் தொடர்ச்சியாக இருக்கைகள். வழிநெடுக எரிவாயு விளக்குகள். அந்த விளக்குத் தூண்களைச் சுற்றிப் பாம்பு பின்னியிருக்கும். ராயல் பெவிலியனின் அலங்காரத்தைப் பார்த்துச் செய்தது. அரண்மனைக்குள் போக முடியாத தையல்காரர், கையில் இருந்த சில்லறையைக் கொடுத்து அந்த அலங்காரத்தின் நடுவே நடந்தார். ஆங்கிலேயக் கட்டடக் கலையில் அரண்மனை அழகைச் சாமானியருக்கு இவ்வளவு மலிவாகத் திறந்துவிட்ட இடங்கள் அதிகம் இல்லை.

தொடக்கத்தில் நடைதான் எல்லாம். பிறகு நடை போதவில்லை. 1893-இல் தலைப்பகுதியை அகலப்படுத்திப் பெரிய மண்டபம் கட்டினார்கள். 1903-இல் அது நாடக அரங்கமானது. 1916-இல் பாலத்தின் நடுவே இசையரங்கம் எழுந்தது. துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் வந்து ஆளேற்றிப் போயின. பென்னிக் காசு போட்டால் ஆடும் பொம்மை இயந்திரங்கள், வாத்தியக் குழு, தேநீர், தூண்டில்காரர்கள். சைக்கிளோடு கடலில் பாயும் சாகசக்காரர்களைப் பார்க்கக் கம்பிவேலியில் கூட்டம் தொற்றிக்கொண்டு நிற்கும். முதல் உலகப் போர் முடிந்த ஆண்டில், 1918–19-இல், காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மகன்களையும் கணவர்களையும் போரில் இழந்த நாடு அது. அந்த நாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் நடுவே இசை கேட்கப் போனார்கள் என்றால், அந்தப் பாலத்தை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா?

இதற்கிடையில் போட்டியும் வந்தது. 1896 டிசம்பரில் பழைய செயின் பியரைப் புயல் கொண்டுபோனது. அதற்கு மாற்றாக, மேற்குப் பாலத்துக்குச் சற்றுக் கிழக்கே, 1899-இல் பேலஸ் பியர் திறந்தது. 1,722 அடி. மேற்குப் பாலத்தைவிட நீளம், வெளிச்சம், ஆரவாரம். நாற்பது ஆண்டுகள் இரண்டு பாலங்களும் அடுத்தடுத்து நின்று சம்பாதித்தன. ஒரே ஊருக்கு இரண்டு பாலத்தைத் தாங்கும் அளவுக்குக் கூட்டம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்தக் கூட்டம் கரையப் போகிறது.

1940. இரண்டாம் உலகப் போர். பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் திரும்பிவிட்டன. ஜெர்மானியர் எந்த இரவிலும் கரையிறங்கலாம் என்ற அச்சம். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலம் எதிரிக்குப் படித்துறை ஆகிவிடக்கூடாதே! ராணுவமே வந்து தெற்கு, கிழக்குக் கரைகளில் இருந்த பாலங்களின் நடுப்பகுதித் தளத்தைப் பெயர்த்தெடுத்தது. பிரைட்டனின் இரண்டு பாலங்களும் அப்படி இடைவெளி விட்டு நின்றன. போர் முடிந்து பலகையைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் மேற்குப் பாலத்தின் நாடக அரங்கம் மறுபடி நாடக அரங்கமாகத் திறக்கவே இல்லை. அரங்கம் விளையாட்டுக் கூடமும் உணவகமும் ஆனது. இசையரங்கம் தேநீர்க் கூடம் ஆனது.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

கடலில் நிற்கும் இரும்பு என்ன செய்யும்? ஓத மட்டத்துக்குக் கீழே எப்போதும் நனைந்திருக்கும் பகுதி ஓரளவு தாங்கும். மேலே எப்போதும் உலர்ந்திருக்கும் பகுதியும் தாங்கும். ஆறு மணி நேரம் நனைந்து ஆறு மணி நேரம் காயும் நடுப்பகுதிதான் துருவுக்கு இரை. வார்ப்பிரும்புத் தூண்கள் உறுதியானவை. அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் மெல்லிய கம்பிகளும் ஆணிகளும்தான் முதலில் தின்னப்படுகின்றன. ஒரு கட்டுக்கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் கூடும். அதனால் கடல் பாலத்தில் பராமரிப்பு என்பது என்றோ ஒருநாள் செய்யும் வேலை அல்ல. சுரண்டு, வண்ணம் பூசு, அறுந்ததை மாற்று, பலகையை மாற்று. ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் தொடங்கும் காலம் வந்துவிடும். அந்தச் செலவுக்குத்தான் வாசலில் வாங்கும் பென்னி. பென்னி குறைந்தால் வண்ணம் குறையும். வண்ணம் குறைந்தால் துரு கூடும். துரு தெரிந்தால் கூட்டம் குறையும்.

பென்னி ஏன் குறைந்தது? மக்களுக்குக் கடல் அலுத்துவிட்டதா? இல்லை. இன்னொரு கடல் கிடைத்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் வாடகை விமானங்கள் ஸ்பெயினின் வெயில் கடற்கரைக்கு மலிவாகக் கொண்டுபோய் விட்டன. கார் வாங்கியவர்கள் ரயில் போகாத ஊர்களுக்குப் போனார்கள். வீட்டில் தொலைக்காட்சி வந்தது. பேலஸ் பியர் விளையாட்டு இயந்திரங்களால் பிழைத்துக்கொண்டது. மேற்குப் பாலத்தின் பெருமை அதன் வேலைப்பாட்டில் இருந்தது. வேலைப்பாட்டுக்குச் செலவு அதிகம், வரவு குறைவு.

1960-களில் பாலம் கைமாறியது. புதிய உரிமையாளர்களால் பழுதுச் செலவைத் தாங்க முடியவில்லை. காந்தி படத்தை எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவை உங்களுக்குத் தெரியும். அவர் முதன்முதலாக இயக்கிய, முதல் உலகப் போரைப் பற்றிய ‘ஓ! வாட் எ லவ்லி வார்’ என்ற 1969-ஆம் ஆண்டுப் படத்தின் முக்கியக் காட்சிகளை இந்தப் பாலத்தில்தான் எடுத்தார். திரையில் அது கொடி கட்டி மின்னியது. மறு ஆண்டு, 1970-இல், பாதுகாப்பில்லை என்று தலைப்பகுதியை மூடினார்கள். 1975-இல் முழுப் பாலத்தையும் மூடினார்கள். நிறுவனம் கலைந்தது.

இடித்துவிடலாம் என்றார்கள். ஊர்மக்கள் கூடாது என்றார்கள்; எங்களுக்கு மேற்குப் பாலம் வேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். 1982-இல் அரசு அதை முதல் தரப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கிலாந்தில் அந்தத் தகுதி பெற்ற முதல் கடல் பாலம் அதுதான். 1983-இல் மேற்குப் பால அறக்கட்டளை அதை வெறும் 100 பவுண்டுக்கு வாங்கியது. நூறு பவுண்டு! விலை குறைவு என்று மகிழ வேண்டியதில்லை. ஒரு சொத்தைச் சீர்செய்யும் செலவு மலையளவு இருந்தால்தான் அதன் விலை இப்படி இறங்கும். சின்னம் என்ற தகுதி வந்தது, பணம் வரவில்லை. இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். எல்லாருக்கும் அது வேண்டும். யாரும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த கோடையில் வண்ணம் பூசப்போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் பதில் இல்லை.

1987 அக்டோபரின் பெரும்புயல் கரையோரப் பகுதியை உலுக்கியது. 1991-இல் பாதுகாப்புக்காக ஒரு பகுதியை அகற்றியதும், பாலம் கரையோடு உறவறுந்து தனித்தீவு ஆனது. குளிர்கால அந்திகளில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் அதன் மேல் சுழன்று இறங்கின. 1998-இல் ஒருவழியாக விடிவு தெரிந்தது: தேசிய லாட்டரி நிதியிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பவுண்டு ஒதுக்கீடு. ஆனால் அதோடு தனியார் முதலீடும் சேர வேண்டும், கரையில் புதுக் கட்டடங்கள் வர வேண்டும், அனுமதி வேண்டும். அருகிலிருந்த போட்டிப் பாலத்தின் உரிமையாளர்கள், பொதுப்பணத்தில் எங்களுக்குப் போட்டியா என்று எதிர்த்தார்கள். ஒரு நிறுவனத்தின் கோணத்தில் அந்த வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கோப்பு நகரும் வேகத்துக்காகத் துரு காத்திருக்கவில்லை.

2002 டிசம்பர் 29. புயலில் இசையரங்கம் ஒரு பக்கமாகச் சரிந்தது. 2003 மார்ச் 28. தலைப்பகுதி மண்டபத்தில் தீ. தீயணைப்புப் படை கரையில் நிற்கிறது. போகும் வழிதான் உடைந்து கிடக்கிறதே! பகல் வெளிச்சத்தில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, மண்டபம் எரிந்து எலும்புக்கூடானது. மே 11. மிச்சமிருந்த இசையரங்கத்திலும் தீ. யாரோ வைத்த தீ என்றே பலரும் நம்பினார்கள். யார் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. 2004-இல் நிதி திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதக் காற்றில் நடுப்பகுதி விழுந்தது. இனி மீட்க முடியாது என்ற முடிவுக்குப் பாரம்பரியத் துறையும் வந்தது. 2014 பிப்ரவரிப் புயலில் எஞ்சிய எலும்புக்கூடும் இரண்டாகப் பிளந்தது.

எல்லாக் கடல் பாலத்துக்கும் இதே முடிவா? இல்லை. மேற்கே பிரிஸ்டல் கால்வாயோரம் கிளீவ்டன் என்ற சிற்றூர். அங்கே 1869-இல் திறந்த மெல்லிய, அழகான பாலம் ஒன்று உண்டு. ரயில் பாதைக்காகச் செய்து பயன்படாமல் போன தண்டவாளங்களை வைத்து அதன் வளைவுகளைக் கட்டினார்கள். 1970-இல் காப்பீட்டுக்காகப் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். சோதனையிலேயே இரண்டு கண்கள் இடிந்து கடலில் விழுந்தன. மேற்குப் பாலத்தின் தலைப்பகுதி மூடிய அதே ஆண்டு! இடிக்கத்தான் வேண்டும் என்றது உள்ளாட்சி நிர்வாகம். மக்கள் விடவில்லை. கவிஞர் ஜான் பெட்ஜமன் அவர்கள் பக்கம் நின்றார். விசாரணை நடந்தது, நிதி திரண்டது, தூண்களைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்து திரும்ப நிறுத்தினார்கள். 1989-இல் பாலம் திறந்தது. இன்று அது முதல் தரச் சின்னம். தளத்தில் நடந்தால் காலடியிலும் கைப்பிடியிலும் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. குறைந்த செலவில் காக்கக்கூடிய எளிய பாலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். மேற்குப் பாலத்தின் மண்டபங்கள் அதற்கு இல்லை.

ஹேஸ்டிங்ஸ் கதை இன்னும் சிக்கலானது. பர்ச் கட்டி 1872-இல் திறந்த பாலம். 2010 அக்டோபரில் பெரும்பகுதி எரிந்தது. ஊர்மக்கள் பங்கு வாங்கினார்கள், லாட்டரி நிதி வந்தது, 2016-இல் புதுப்பொலிவோடு திறந்தது. 2017-இல் பிரிட்டனின் மிகப் பெரிய கட்டடக் கலை விருதான ஸ்டிர்லிங் பரிசைப் பெற்றது. விருது கிடைத்த சில வாரங்களில் அதை நடத்திய அறக்கட்டளை கடனில் மூழ்கியது. மறு ஆண்டு பாலம் ஒரு தனியாருக்கு விற்பனையானது. கட்டி முடிக்கப் பணம் கிடைத்தது. கட்டிய பின் நடத்தத்தான் பணம் போதவில்லை.

பிரைட்டனிலோ, மேற்குப் பாலம் தொடங்கிய அதே கரையில் 2016-இல் 162 மீட்டர் உயரக் காட்சிக் கோபுரம் எழுந்தது. லண்டன் ஐ ராட்டினத்தை வடிவமைத்தவர்களின் படைப்பு. நகராட்சி வழியாகக் கடன் பெற்றுக் கட்டினார்கள். அதன் வருமானத்தில் ஒரு பங்கு அறக்கட்டளைக்கு வரும் என்றார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 5 கோடி பவுண்டுக்கு மேல் கடன் சேர்ந்து 2024 இறுதியில் நிறுவனம் நொடித்தது. பிறகு வேறொருவர் கைக்குப் போனது. நூறு பவுண்டுக்கு விற்ற பாலத்தின் வாசலில் இவ்வளவு பெரிய கடன் எழுந்து நின்றது. அந்தத் தொகையின் ஒரு பகுதி 1970-களில் கிடைத்திருந்தால் பாலம் இன்று நின்றிருக்கும் என்பதே இந்த உரையின் தீர்ப்பு.

அது மட்டுமல்ல, கூட்டத்துக்குக் குறைவில்லாத பேலஸ் பியர்கூட 2024 கோடையில் வெளியூர்க்காரர்களிடம் ஒரு பவுண்டு நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசலில் மீண்டும் சுங்கம். கம்பிக்கும் பலகைக்கும் ஆகும் செலவைக் காட்டித்தான் வாங்கினார்கள்.

இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருப்பார்கள். ஒருநாள் பிரைட்டனுக்குப் போகச் சொல்லுங்கள். கரையில் நின்று, அலைக்கு நடுவே நிற்கும் அந்தக் கறுத்த இரும்புக் கூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் கிளீவ்டனுக்கும் போகச் சொல்லுங்கள். அங்கே வாசலில் கட்டணம் கேட்பார்கள். தயங்காமல் கொடுத்துவிட்டு உள்ளே நடக்கச் சொல்லுங்கள். அந்தக் காசில்தான் தூண்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள்.